காரணம் கேட்ட ஹோல்டு அக்கா

ஒரகடத்துச் சாலையில் இரண்டு பக்கமும் தொழிற்சாலைகள். கார் செய்கிறார்கள், லாரி செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், அதையெல்லாம் கட்டி அனுப்ப அட்டைப்பெட்டியும் செய்கிறார்கள். ஆனால் காலையில் நல்ல மனிதனாக உள்ளே போகிறவனை மதியச் சாப்பாட்டுக்குள் குற்றவாளியாக்கிவிடும் இயந்திரம் இந்தச் சாலை முழுவதிலும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பெயர் ஹோல்டு அக்கா.

அவருக்குப் படப்பை மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து வைத்த நீளமான, அழகான பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஹோல்டு என்பது எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் எல்லோருக்கும் தெரிந்த சிவப்பு அட்டை. ஒரு பொருள் சந்தேகமாக இருந்தால் குவாலிட்டிக்காரர்கள் அதில் இந்த அட்டையைக் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் முதலாளியே வந்தாலும் அந்தப் பொருளை நகர்த்தக் கூடாது. அக்கா முதலில் லைனில் குவாலிட்டி பார்த்தவர். மாலை வகுப்பில் படித்து கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். வரும்போது லைனில் இருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர், சிவப்பு அட்டைக் கட்டை மட்டும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் கம்பெனி கார் சீட் செய்கிற கம்பெனி. அடுத்து எந்தக் காருக்கு எந்த சீட் என்று லைனில் நிற்பவர்களுக்குத் திரையில் காட்டும் மென்பொருளை மாடியில் உட்கார்ந்து நாங்கள் ஒரு சிறு கூட்டம் எழுதிக்கொண்டிருந்தோம். ஆளுக்கொரு பகுதியாகக் கோடு, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளைகள், எழுதிப் பொதுவான ஓர் இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்போம். அப்படிச் சேர்ப்பதற்குப் பெயர் கமிட். சேர்க்கும்போது, என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். உலகத்தில் எல்லா இடத்திலும் இப்படித்தான். அந்த ஒரு வரிக்காக ஒரு மனுஷி இப்படி உயிரை வாங்குவார் என்பது எங்கள் மாடியில் மட்டும்தான்.

எங்கள் இசக்கி திருநெல்வேலிக்காரன். நல்ல மூளை, அவசரக் கை. ஒரு நாள் எதையோ சேர்த்துவிட்டு 'ஃபிக்ஸ்டு' என்று ஒற்றை வார்த்தை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தால் அவன் மானிட்டரில் சிவப்பு அட்டை தொங்குகிறது. பக்கத்தில் அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

“இசக்கி, இது இன்னா?”

“கமிட்டுக்கா.”

“அது தெரியுது. உள்ள இன்னா கீது?”

“அந்த ஸ்கேனர் தப்பா வாசிக்குல்லா, அதைச் சரி பண்ணியிருக்கேன்.”

“சரி. அப்ப இந்த பட்டன் கலர் ஏன் மாறிக்கீது?”

“பாக்க நல்லா இல்லக்கா. போற போக்குல மாத்திட்டேன்.”

“இந்த ரிப்போர்ட்டு?”

“அதுவும் போற போக்குலதாம்க்கா.”

“நீ எங்கதான்டா போய்க்கினு இருந்த?”

அக்கா விடவில்லை. “நாளைக்கு அந்த ஸ்கேனர் வேலைய மட்டும் திருப்பி எடுக்கணும்னா இன்னா பண்ணுவ? உன் பட்டனும் கூடவே போவும், ரிப்போர்ட்டும் போவும். ஒரு பல்லு புடுங்கப் போயி தாடையே கையோட வந்த கதையா. மூணு வேலைன்னா மூணா பிரிச்சிப் போடு. அப்புறம், ஃபிக்ஸ்டுன்னு எழுதிக்கிறியே, இன்னாத்த? இன்னா பண்ணன்றத கோடே சொல்லும். ஏன் பண்ணன்றத நீதான் சொல்லணும். ஆறு மாசம் போனா உனுக்கே தெரியாது.”

இசக்கி அன்றைக்கு மூன்றாகப் பிரித்தான். பிரித்து முடிப்பதற்குள் அவன் அம்மாவின் ஊர்க்கோயில் சாமிகளையெல்லாம் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டான்.

இதைப் பார்த்துப் பயந்துபோன நான் அடுத்த கமிட்டில் முழுக்கதையும் எழுதினேன். யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள், அதற்கு நான் என்ன நினைத்தேன், கடைசியில் எப்படி மனம் மாறினேன், எல்லாம். அதற்கும் அட்டை விழுந்தது.

“இது இன்னா தம்பி, கல்யாணப் பத்திரிகையா? மேல ஒரு வரி போடு. கீழ காரணம் போடு. சித்தப்பா பெரியப்பா பேரெல்லாம் வேணாம்.”

என் இன்னொரு குற்றம், பழைய கோடு வரிகளை அழிக்க மனசு வராமல் அவை வேலை செய்யாதபடி குறி போட்டு அங்கேயே விட்டுவைப்பது. எதற்காவது தேவைப்படும் என்ற எண்ணம்தான். வாலாஜாபாத்தில் எங்கள் வீட்டில் உடைந்த மின்விசிறியைக்கூட வெளியே போட்டது கிடையாது. அக்கா அந்தப் பகுதியைத் திரையில் ஓட்டிக் காட்டி, “செத்துப்போச்சு இல்ல? அப்புறம் இன்னாத்துக்குக் கூடத்துல கெடத்தி வெச்சிக்கினு கீற?” என்றார். “பழசு அல்லாமே அந்தப் பொது எடத்துல பத்திரமா கீது. அதுக்குத்தான அந்த எடமே.” நான் அழித்தேன். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு கோபம்.

அலுவலகத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேன்டீனில் வியாழக்கிழமை வெரைட்டி ரைஸ் என்று ஒன்று போடுவார்கள். வாரம் முழுவதும் மிஞ்சியது அத்தனையும் அதற்குள் இருக்கும். அக்கா அந்த அண்டாவின் கைப்பிடியில் அட்டையைக் கட்டிவிட்டு, “இதுல எது இன்னான்னு பிரிச்சி சொல்லுங்க, சாப்புடுறேன்” என்றார். கேன்டீன் மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேலையை விட்டே போகிறேன் என்று நின்றார். இசக்கி லீவு விண்ணப்பத்தில் ‘சொந்த வேலை’ என்று எழுதியதற்கும் அட்டை. “சொந்த வேலைன்னா இன்னா, சொல்லு.” கடைசியில் அவன் பெண் பார்க்கப் போகிறான் என்ற விஷயம் மாடி முழுக்கத் தெரிந்துபோய், அந்தப் பெண் வீட்டார் ஒத்துக்கொண்டார்களா என்று செக்யூரிட்டி வரைக்கும் விசாரித்தார்கள்.

எங்கள் மாடிக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். டிரைவர் ஐந்து இருபதுக்கே வண்டியை உறும வைத்துவிடுவார். அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்தால் போதும், நாள் முழுவதும் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்ததை அரைகுறையாக ஆளாளுக்குப் பொது இடத்தில் கொட்டிவிட்டு ஓடுவோம். சரிபார்ப்பதா, பஸ்ஸை விட்டுவிட்டு வாலாஜாபாத்துக்கு நடப்பதா என்றால் யார் சரிபார்ப்பார்கள்? இதற்கு நாங்களே வைத்த பெயர் பஸ் கமிட். இரவு ஷிஃப்ட்டில் லைன் மக்கர் செய்தால் கீழே இருப்பவர்கள் எங்களைத் திட்ட மாட்டார்கள். பஸ் டிரைவரைத்தான் திட்டுவார்கள்.

அக்காவுக்குப் படப்பைக்கு ஷேர் ஆட்டோ. அது ஆள் நிறைந்தால்தான் நகரும், அதனால் அவருக்கு அவசரம் கிடையாது. எஞ்சின் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் வாசலில் நின்றுகொள்வார். “வண்டி ஸ்டார்ட் ஆனதுக்கு அப்புறம் ஒருத்தனும் எதையும் சேர்க்கக் கூடாது. உன் கம்ப்யூட்டர்லயே வெச்சிட்டுப் போ. காலைல வந்து, ஓட்டிப் பாத்து, அப்புறம் போடு.” ஒரு தடவை இசக்கி அவர் கைக்கு அடியில் குனிந்து ஓடினான். ஓடியவன் செருப்பில் ஒன்று மாடியிலேயே நின்றுவிட்டது. காலையில் வந்து பார்த்தால் அந்த ஒற்றைச் செருப்பில் சிவப்பு அட்டை.

இவ்வளவு அதிகாரம் செய்கிறவர் பெரிய பதவியில் இருப்பார் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அக்கா காண்ட்ராக்ட். எங்கள் சாலையில் மனிதர்கள் இரண்டே ஜாதி, பர்மனென்ட், காண்ட்ராக்ட். பர்மனென்ட்டுக்குக் கழுத்தில் நீலப்பட்டை, காண்ட்ராக்ட்டுக்கு மஞ்சள். பதினோரு மாதம் முடிந்ததும் அக்காவின் கேட் பாஸ் செத்துப்போகும். வருடம் முழுக்க வணக்கம் வைத்த செக்யூரிட்டி அன்றைக்கு மட்டும் அவரை யாரோ மாதிரி பார்த்து, “புது பாஸ் எடுத்துக்கினு வாங்கம்மா” என்பார். புது பாஸ் வருகிற வரை அக்கா வெயிலில் ரோட்டோரம் நிற்பார். ஒன்பது வருடமாக இதே கூத்து. அந்த வருடம்தான் பர்மனென்ட் பட்டியலில் அவர் பெயர் முதல் தடவையாக வந்திருந்தது. கடைசித் தடவையும் அதுவே. அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், அப்புறம் விதியில் இடமில்லை.

அந்தப் பட்டியலில் முதலில் கையெழுத்துப் போட வேண்டியவர் எங்கள் மேனேஜர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைனர். அத்தர் பூசிக்கொண்டு புல்லட்டில் சுற்றுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள், பாவம், அவர் ஒரு சர்க்கரை நோயாளி. எதைக் கொண்டுவந்து சேர்த்தாலும் 'மைனர் சேஞ்சஸ்' என்று எழுதுவார், அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்து வேலையைத் தன் கம்ப்யூட்டரிலேயே பதுக்கி வைத்திருந்து, ஒரு சாயங்காலம் பஸ் உறுமும்போது மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அக்கா ஒரு தடவை அவர் மானிட்டரிலும் அட்டையைக் கட்டிவிட்டார். மறுநாள் அக்காவின் கோப்பில் ‘ஒத்துழைப்பு போதாது’ என்று ஏறியது.

முந்தின வருடம் மைனரின் மூட்டை ஒன்று இறங்கி லைன் ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்றது. எது கெடுத்தது என்று தேடினோம், தேடினோம், கிடைக்கவில்லை. மூட்டையை மொத்தமாகத் திருப்பி எடுத்தால் அதற்குள் இருந்த பத்து நல்ல காரியமும் போய்விடும். கடைசியில் ஏதோ ஒன்றைத் தட்டினோம், ஓடியது. ஏன் ஓடியது என்றும் தெரியவில்லை. அறிக்கையில் 'சிஸ்டம் இஷ்யூ' என்று எழுதினார்கள். இரவெல்லாம் கூடவே நின்றதற்காக மைனருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்தார்கள். கேக் வெட்டினோம், நானும் சாப்பிட்டேன்.

பட்டியல் கையெழுத்தாக ஒரு வாரம் இருக்கும்போது அது நடந்தது. காலையில் லைனிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். “இன்னாய்யா பண்ணி வெச்சிகீறீங்க, டிரைவர் சீட்டு ரெண்டு வருது.” கீழே ஓடிப்போய்ப் பார்த்தோம். உண்மைதான். ஒரு குறிப்பிட்ட மாடல் காருக்குத் திரை வலது பக்க சீட்டையே இரண்டு தடவை கேட்டிருக்கிறது. லைன்காரர்களும் பூப்போல இரண்டு டிரைவர் சீட் செய்து வைத்துவிட்டார்கள். காரில் ஸ்டீயரிங்கும் இரண்டு வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றான் இசக்கி. சூப்பர்வைசர் அவனை அடிக்க வந்தார். லைனை நிறுத்தினார்கள்.

முந்தின நாள் சாயங்காலம்தான் மைனரின் மூட்டை ஒன்று இறங்கியிருந்தது. எங்களுக்குக் கொண்டாட்டம். மனுஷன் இந்தத் தடவை மாட்டினார் என்று மாடிப்படி ஏறும்போதே கைகொடுத்துக்கொண்டோம். மேலே அக்கா ஏற்கெனவே திரைக்கு முன்னால் இருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை.

“மூட்டைதானக்கா? எந்த எடத்துலன்னு தெரிஞ்சுதா?” என்றான் இசக்கி.

“மூட்டை இல்ல. இது என்னுது.”

இசக்கி சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அவரும் முந்தின நாள் காலையில் சின்னதாக ஒன்று சேர்த்திருந்தார். மாற்றியது இரண்டே வரி. குறிப்பில் மேலே, 'சீட் வரிசையில் தலைசாய்ப்பான் முன்னால் வர மாற்றம்' என்று இருந்தது. கீழே காரணம், அழகாக. எல்லா மாடலுக்கும் ஓட்டிப் பார்த்துத்தான் சேர்த்திருந்தார். வருடத்துக்கு ஏதோ சில தடவை ஆர்டர் வருகிற ஒரு மாடலை மட்டும் விட்டுவிட்டார். அந்த மாடல் அன்றைக்குப் பார்த்து வந்து தொலைத்தது. அதில் வரிசை ஓரிடம் தள்ளிப்போய் வலது சீட்டே இரண்டு தடவை வந்துவிட்டது.

தன் கமிட்டை மட்டும் அவர் திருப்பி எடுத்தார். கீழே சூப்பர்வைசர் திரையைப் பார்த்துவிட்டு, இடது சீட் வருகிறது, சரியாகிவிட்டது என்று போன் செய்தார். லைன் ஓடியது. நாங்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்திருந்தால் அது நின்றதே எங்களுக்குத் தெரிந்திருக்காது. முந்தின வருடம் ஒரு ஷிஃப்ட், இப்போது ஒரு டீ. ஆனால் இந்தத் தடவை யார் கெடுத்தது என்பது பளிச்சென்று பெயர் போட்டு உட்கார்ந்திருந்தது.

இசக்கி கதவைச் சாத்தினான். எனக்கு அவன் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்தது.

“யக்கா, நான் சொல்லுததக் கேளுங்க. அந்தப் பொது எடத்துல பழசைத் திருத்துத அதிகாரம் எங்கிட்ட இருக்கு. உங்க ரெண்டு வரியையும் எடுத்து அவரு மூட்டைக்குள்ள திணிச்சிருதேன். திருப்பி எடுத்ததும் தெரியாது, போட்டதும் தெரியாது. ஒரு பயலுக்கும் கண்டுபிடிக்க முடியாது.”

“அல்லாரும் காலைல வந்து அதத்தான் எடுத்துக்கினு வேலை செய்றானுங்க இசக்கி. நீ அடியில கைய வெச்சி உருவுனன்னா அத்தினி பேர் வேலையும் கலைஞ்சிடும்.”

“கலைஞ்சா கலையட்டும்க்கா. நாங்க ராத்திரி உக்காந்து சரி பண்ணுதோம். உங்க பர்மனென்ட்டு போயிருமேக்கா.”

அக்கா மஞ்சள் பட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். சரி என்று சொல்லிவிடு அக்கா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். இவ்வளவு நாள் எங்களைப் பாடாய்ப் படுத்தியதற்கு இதை ஒன்று விட்டுக்கொடு, யார் கேட்கப்போகிறார்கள்.

“போட்டது நானு. அது அங்கயே கெடக்கட்டும். ஒருத்தரும் தொடக் கூடாது,” என்றார். அப்புறம் மைனரிடம் போய், லைன் நின்றது தன்னால்தான் என்று தானே சொல்லிவிட்டு வந்தார்.

மைனருக்கு அன்றைக்குப் பிறந்தநாள் மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் ஹெச்ஆர் அறைக்கு அக்காவைக் கூப்பிட்டார்கள். சாட்சிக்கு டீமில் ஒருவர் வேண்டும் என்று என்னையும் இழுத்துப்போனார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஹெச்ஆர்காரர், மைனர், நடுவில் பிளான்ட் ஹெட். பிளான்ட் ஹெட், தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் தொழிலாளியாகச் சேர்ந்து அந்த நாற்காலி வரைக்கும் வந்தவர். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எதையும் படித்ததாகச் சரித்திரம் இல்லை. அவர் முன்னால் தாள்கள் ஒரு குவியலாகக் கிடந்தன, மேலிருந்து கீழாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தார். மணி ஒன்றாகிவிட்டது, கண் அடிக்கடி கேன்டீன் பக்கம் போனது.

ஹெச்ஆர்காரர் அக்காவிடம் ஒரு தாளை நீட்டினார். 'நிர்வாகக் காரணங்களுக்காகத் தங்களை நிரந்தரப் பணியில் சேர்க்க இயலவில்லை.' பெற்றுக்கொண்டதற்கு அக்கா கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

அக்கா படித்தார். திருப்பி வைத்தார்.

“இதுல காரணம் இல்ல சார்.”

“இருக்கே மேடம். நிர்வாகக் காரணம்.”

“அது இன்னான்னு கேக்குறேன். மைனர் சேஞ்சஸ்ன்னு எழுதுறாப்புல கீது.”

மைனர் இருமினார். ஹெச்ஆர்காரர் நல்ல மனுஷன், பெருமூச்சு விட்டுவிட்டு வேறொன்று அடித்துக் கொண்டுவந்தார். ‘செயல்திறன், ஒத்துழைப்பு, ஒழுங்கு மற்றும் இதர காரணங்களை முன்னிட்டு.’

அக்கா பேனாவை எடுத்து ஒவ்வொரு வார்த்தைக்கும் அடியில் கோடு போட்டார். அது என் வாழ்க்கையில் மறக்க முடியாத காட்சி. ஒரு மனுஷி தன் வேலையைப் பறிக்கிற கடிதத்தை, இசக்கியின் கமிட்டைத் திருத்துகிற மாதிரி திருத்திக்கொண்டிருந்தார்.

“நாலு காரணத்த ஒண்ணா போட்டுகீறீங்க சார். செயல்திறன்னா எந்த வேலைல? ஒழுங்குன்னா நான் இன்னா பண்ணேன்? இதரன்னு ஒண்ணு கீதே, அது இன்னா? எது உண்மையான காரணமோ அத மட்டும் ஒரு வரி போடுங்க. நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்.”

“மேடம், உங்களால லைன் நின்னுச்சு. நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதுதான் காரணம், போதுமா?” என்றார் மைனர்.

“அதான் சார். அதையே எழுதுங்க.”

ஹெச்ஆர்காரர் மூன்றாவது தடவை போய் அடித்துக்கொண்டு வந்தார். அக்கா வாங்கிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது. “இது சரியா கீது” என்று சொல்லிவிட்டு மளமளவென்று கையெழுத்துப் போட்டார். அந்த நிமிஷம் அந்த மூன்று பேரையும் அந்த மேஜையோடு சேர்த்து மாடியிலிருந்து தள்ளிவிட வேண்டும் போல இருந்தது எனக்கு.

தாள் பிளான்ட் ஹெட்டிடம் போனது. மனுஷன் வழக்கம்போலப் பேனாவை இறக்கினார். ஆனால் அந்தத் தாளில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதனால் தப்பித்தவறிப் படித்துவிட்டார். பேனா நின்றது. வாய்விட்டு மறுபடி படித்தார்.

“தான் செய்த மாற்றத்தால் லைன் நின்றது என்று தானே முன்வந்து சொன்னதால் இவருக்கு நிரந்தரப் பணி மறுக்கப்படுகிறது.”

படித்துவிட்டு மைனரைப் பார்த்தார். “அப்ப சொல்லாம இருந்திருந்தா?”

“சார், அப்படி இல்ல சார்...”

“வேற எப்படி? சொல்லாம இருந்திருந்தா பர்மனென்ட்டுதானே? போன வருஷம் ஒரு ஷிஃப்ட் ஃபுல்லா நின்னுதே, அது யாரு?”

“அது சிஸ்டம் இஷ்யூ சார்.”

“அந்த சிஸ்டம் பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?”

ஹெச்ஆர்காரர் குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடினார். தோள் குலுங்கியது.

பிளான்ட் ஹெட் சிரிக்கவில்லை. தன் இடது கையை மேஜைமேல் வைத்தார். அதில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. “பிரஸ் ஷாப்புல டை, அந்த அச்சு, சரியா உக்காரலன்னா போட்டவனே கையத் தூக்கிக் கத்தணும். கத்துனா அன்னிக்கு புரொடக்ஷன் போவும். கத்தலன்னா அடுத்த ஷிஃப்ட்டு வர்றவன் வெரலு போவும். எனக்கு முந்தின ஷிஃப்ட்டுக்காரன் கத்தல. இந்த லெட்டர் வெளிய தெரிஞ்சா நாளைலேர்ந்து கீழ ஒருத்தனும் கையத் தூக்க மாட்டான். இதுல நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுறது?”

மைனர் மெல்ல, “வேணும்னா மொதல் லெட்டரையே போட்டுடலாம் சார், நிர்வாகக் காரணம்னு...” என்றார். அந்த ஆளின் தைரியத்துக்குக் கோயில் கட்ட வேண்டும்.

“மொதல் லெட்டரா இருந்தா போட்டிருப்பேன். இப்பதான் படிச்சுத் தொலைச்சிட்டேனே,” என்று பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “பட்டியல்ல அந்தம்மா பேரு இருக்குல்ல, அப்படியே இருக்கட்டும். அனுப்புங்க.” எழுந்து சாப்பிடப் போய்விட்டார்.

இதோடு நியாயம் ஜெயித்தது என்று யாரும் எழுந்து நிற்க வேண்டாம். மைனருக்கு அடுத்த மாதமே பதவி உயர்வு வந்தது, புனே கிளைக்குப் போனார். இந்த மாதிரிச் சிக்கலைக் கையாண்ட அனுபவத்துக்காக என்று கடிதத்தில் இருந்ததாம். அங்கே இப்போது என்னென்ன மூட்டை இறங்குகிறதோ, அந்த ஊர்ப் பஸ் டிரைவர் பாடு. அக்காவுக்கு நீலப்பட்டை வந்த பிறகு அட்டைக் கட்டு இரண்டு மடங்கானது. அதுவரைக்கும் பயந்து பயந்துதான் எங்களைத் திட்டியிருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனால் அன்றைக்கு ஹெச்ஆர் அறையிலிருந்து வெளியே வந்ததும் அக்கா விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மாடிக்கு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். இசக்கி ஓடிவந்து, “என்னக்கா ஆச்சு, என்ன சொன்னாவ?” என்றான். அக்கா துப்பட்டாவை முகத்தில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். ஒன்பது வருடத்து வெயிலும் அதில் வந்தது. நடந்ததை நான்தான் எல்லோருக்கும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் இசக்கியும் அழ ஆரம்பித்து, அந்த மாடியே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சாயங்காலம் பஸ் உறுமியது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கீழே டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் எல்லோரும் அக்காவோடு நடந்து போய், படப்பை ஷேர் ஆட்டோவில் அவரை ஏற்றிவிட்டோம். ஆட்டோ ஆள் சேரட்டும் என்று நின்றது, நாங்களும் நின்றோம்.

எனக்குக் கூடப்பிறந்த அக்கா யாரும் கிடையாது. அன்றைக்கு அந்தக் குறை எனக்குத் தெரியவில்லை.